கலங்கரை விளக்கமும் பால்வெளியும்: ஒரே படத்தில் சேராத கதை

போன பிப்ரவரி கடைசியில், அமாவாசையை ஒட்டிய ஒரு ராத்திரி, பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். திருநின்றவூரிலிருந்து பெரியபாளையம், தச்சூர், பொன்னேரி வழியாக பைக்கில் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். முதுகில் கேமராப் பை, பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய ட்ரைபாட். பாலம் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் போய்ச் சேர்ந்தபோது மணி ரெண்டரை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். முன்னால் கலங்கரை விளக்கம், பின்னால் கடலிலிருந்து சாய்வாக எழும் பால்வெளி. அவ்வளவுதான்.

படம் கிடைத்தது. ஆனால் நான் நினைத்த படம் இல்லை. சட்டகத்தின் இடது பக்கம் நட்சத்திரம், நடுவில் கோபுரம், வலது பக்கம் முழுக்க ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த ஒரு வெளிச்சப் புகை. எண்ணூரும் காட்டுப்பள்ளியும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. பால்வெளி அந்த வெளிச்சத்துக்குள் போய்க் கரைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. நம் கடற்கரையில் போட்டோ எடுக்க ஆரம்பித்து 160 வருஷத்துக்கு மேல் ஆகிறது. மெட்ராஸில் நட்சத்திரம் பார்க்க ஆரம்பித்து 230 வருஷத்துக்கு மேல். அப்படியிருக்க, கரையில் நிற்கும் ஒரு கட்டடமும் அதன் மேலே இருக்கும் நட்சத்திரங்களும் ஒரே படத்தில் சேர ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று? தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரெண்டும் ஒரே வேலைக்கு வந்தவை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கலங்கரை விளக்கமும் நட்சத்திரமும் ஒரே படத்தில் வருவது வெறும் அழகுக்கான ஜோடி சேர்ப்பு இல்லை. ரெண்டுக்கும் பழைய உறவு உண்டு.

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதாவது நம்ம தொண்டை நாட்டுப் பாட்டு. அதில் நீர்ப்பெயற்று என்ற துறை வருகிறது. மாமல்லபுரம்தான் அது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அங்கே ஏணி வைத்து ஏறவேண்டிய உயரமான மாடம், அதன் உச்சியில் ராத்திரி ஏற்றும் தீ, அதைப் பார்த்துத் துறைக்கு வரும் கலங்கள். அந்த மாடத்தைப் புலவர் வானத்துக்கு முட்டுக்கொடுத்த தூணுக்கு ஒப்பிடுகிறார். விளக்கையும் வானத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்த முதல் ஆள் கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் என்று நான் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கேமரா மட்டும்தான் அவரிடம் இல்லை.

கம்பெனி காலத்துக்கு வருவோம். மெட்ராஸில் அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசுலா படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரவேண்டும். சோழமண்டலக் கரை தட்டையானது, மணல்மேடுகள் நிறைந்தது. வரைபடம் தப்பாக இருந்தால் கப்பல் தரைதட்டும். வரைபடம் சரியாக இருக்க வேண்டுமானால் கரையில் ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை துல்லியமாகத் தெரியவேண்டும். அதை வானத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786ல் சொந்தமாக ஒரு சின்ன வானாய்வகம் வைத்திருந்தார். அதுவே கம்பெனியின் கைக்கு வந்து, 1792ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடமாக எழுந்தது. அதைக் கட்டிய மைக்கேல் டாப்பிங் கடற்கரையை அளந்த சர்வேயர். அங்கே நட்ட கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டோடு, வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் இருக்கிறது. நாலே வருஷம் கழித்து, 1796ல், கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் உச்சியில் மெட்ராஸின் முதல் கலங்கரை விளக்கு ஏற்றப்பட்டது. தேங்காய் எண்ணெயில் எரிந்த விளக்கு.

நாலு வருஷ இடைவெளியில் வந்த ரெண்டு கட்டடம். ஒன்று வானத்தை அளந்தது, ஒன்று கரையைக் காட்டியது. முதலாளியும் ஒருவர்தான், வேலையும் ஒன்றுதான்: கப்பல் பத்திரமாக வரணும்.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை போட்டபோது அது எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. இங்கிலீஷில் ஊர்ப் பெயர் அப்போது ‘தின்னனூர்’. பிற்பாடு இந்திய ரயில்கள் ‘மெட்ராஸ் நேரம்’ வைத்து ஓடின. 1906ல் இந்தியப் பொது நேரம் வரும்வரைக்கும் அதுதான் வழக்கம். அந்த நேரத்தைக் கணித்தது நுங்கம்பாக்கத்து வானாய்வகம், நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டைத் தாண்டும் கணத்தைப் பார்த்து. ஆக, தின்னனூர் பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்த ஆள் தன்னையறியாமல் ஏதோ ஒரு நட்சத்திரத்தின் நேரத்துக்குத்தான் காத்திருந்திருக்கிறார்.

கட்டடம் உண்டு, வானம் இல்லை

இப்போது கேமராவுக்கு வருவோம். 1856ல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி ஆரம்பித்தாயிற்று. அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858ல் அவர் எடுத்த தஞ்சாவூர், மதுரை, திருச்சிப் படங்களை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். கோபுரத்தின் ஒவ்வொரு சுதைச் சிற்பமும் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும்.

ஆனால் அந்தக் காலத்துப் படங்களில் வானத்தைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் வெறும் வெளுப்பு. காரணம் ரசாயனம். அன்றைய நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மட்டும் அதிகமாக மசியும். கல்லுக்கும் செம்மண்ணுக்கும் போதுமான நேரம் திறந்து வைத்தால் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெள்ளைத்தாளாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? சில நெகட்டிவ்களில் தானே தூரிகை எடுத்து மேகம் வரைந்துவிட்டார்! இன்று நாம் ‘போட்டோஷாப்’ என்று கேலி செய்யும் வேலையை 1850களிலேயே நம் கோயில்களின் மேலே செய்திருக்கிறார்கள்.

அதே வருஷங்களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடல் படங்களுக்குப் பேர்போனவர். அவர் சில படங்களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் என ரெண்டாக எடுத்து, ஒட்டி அச்சிட்டார். பகலிலேயே நிலமும் வானமும் ஒரே நெகட்டிவில் உட்காராத காலம் அது. ராத்திரியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வானம் உண்டு, கட்டடம் இல்லை

மறுபக்கம், வானியலாளர்களும் கேமராவைக் கையில் எடுத்திருந்தார்கள். 1850 ஜூலை 17ஆம் தேதி அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் வீகா நட்சத்திரம் டாகுரியோடைப் தகட்டில் பதிந்தது. சூரியனைத் தவிர்த்துப் பார்த்தால், போட்டோவில் விழுந்த முதல் நட்சத்திரம் அதுதான்.

நம் பக்கத்துக் கரையில் வானத்துக்குக் கேமரா வைத்த கதை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1871 டிசம்பர் 12, முழுச் சூரிய கிரகணம். நிழலின் பாதை மலபார்க் கரையில் ஏறி, நீலகிரி, புதுக்கோட்டை வழியாக இலங்கையின் வடக்கே போனது. இங்கிலாந்திலிருந்து நார்மன் லாக்யர் குழுவோடு வந்தார். ஹீலியம் என்று ஒரு தனிமம் சூரியனில் இருக்கிறது என்று சொன்னாரே, அவரேதான். அவர் தேர்ந்தெடுத்த இடம் பேக்கல் கோட்டை. இப்போது கேரளத்தில் காசர்கோடு பக்கம் இருக்கிறது. அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் தென்கன்னட ஜில்லா. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் கோட்டை. அதன் மேலே தொலைநோக்கிகளையும் கேமராவையும் நிறுத்தினார்கள். கீழே ஊர்மக்கள் சூரியனை விழுங்கும் பாம்பை விரட்டத் தீ மூட்ட, புகை வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுமோ என்று பயந்து போலீசை வைத்து அணைத்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

சூரியனின் கரோனா தகட்டில் பதிந்தது. ஆனால் படத்தில் கோட்டை கிடையாது! பட்டப்பகல் ராத்திரியான அந்த சில நிமிஷங்களில், கடல், கோட்டை மதில், இருண்ட வானம், நடுவில் கறுப்புச் சூரியன், எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. கேமராவும் அங்கேயே இருந்தது. ஆனால் அது வட்டமான சூரியனை மட்டும் பார்த்தது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதற்குப் பின்னால் ஓர் எளிய இயக்கவியல் சிக்கல் இருக்கிறது. பூமி மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. நட்சத்திரத்தின் மங்கலான ஒளியைச் சேர்க்க அன்றைய தகட்டுக்குப் பல நிமிஷம் வேண்டும். 1880ல் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை எடுக்கத் தகட்டை 51 நிமிஷம் திறந்து வைத்தார். அவ்வளவு நேரத்துக்கு நட்சத்திரம் புள்ளியாக இருக்க வேண்டுமானால் கேமரா வானத்தோடு சேர்ந்து திரும்பவேண்டும். கேமரா திரும்பினால் நிலம் இழுபடும். கேமராவை அசையாமல் நிலத்தோடு நிறுத்தினால் நட்சத்திரம் கோடாகும். ரெண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

வானியல் எதைத் தேர்ந்தெடுத்தது என்பது நமக்குத் தெரியும். 1882ல் தென்னாப்பிரிக்காவின் கேப் நகரத்தில் டேவிட் கில், உள்ளூர் புகைப்படக்காரரின் சாதாரண கேமராவைத் தொலைநோக்கி மேல் கட்டி அந்த வருஷத்துப் பெரிய வால்நட்சத்திரத்தை எடுத்தார். வால்நட்சத்திரத்துக்குப் பின்னால் எண்ண முடியாத நட்சத்திரங்கள் வந்து விழுந்திருந்தன. அட, போட்டோவிலேயே வானத்தை வரைபடமாக்கலாமே என்று உலகத்துக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். 1887ல் பல நாட்டு வானாய்வகங்கள் வானத்தைப் பங்குபோட்டுக்கொண்டு எடுக்கத் திட்டம் போட்டன. ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகம் பின்னாளில் அதில் ஒரு பங்கை எடுத்து முடித்தது. லட்சக்கணக்கான நட்சத்திரம், ஒரு பனைமரம்கூட இல்லை.

14 பாகை உயரத்தில் ஒரு நட்சத்திரம்

மெட்ராஸ் வானாய்வகத்தின் பெரிய வேலைகள் கேமராவால் நடந்தவை அல்ல. கண், காது, கை, நோட்டுப்புத்தகம், இவைதான் கருவி. டி.ஜி. டெய்லர் 1844ல் 11,015 நட்சத்திரங்களின் பட்டியலை வெளியிட்டார். பிற்பாடு வந்த நார்மன் போக்சன் 1861ல் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயர் வைத்தார். நட்சத்திரப் பிரகாசத்தை நாம் இன்றும் அளக்கும் அளவுகோலும் போக்சனுடையதுதான்: ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்கு.

போக்சனிடம் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867ல் அவர் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று பெயர். பிற்பாடு லண்டன் ராயல் அஸ்ட்ரானமிக்கல் சொசைட்டியின் உறுப்பினராகவும் ஆனார். 1874ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சாதாரண ஜனங்களுக்கும் புரியட்டும் என்று நம் மொழிகளில் சிறுநூல் வெளியிட்டவர்.

அந்த நட்சத்திரத்தின் இடத்தை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது வானத்தின் தெற்கே, ஏறக்குறைய 63 பாகை தெற்கு. மெட்ராஸின் அட்சரேகை 13 பாகை வடக்கு. அப்படியானால் அது இங்கே ஏறக்கூடிய அதிகபட்ச உயரமே தொடுவானிலிருந்து 14 பாகைதான். கையை முழுசாக நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி பத்து பாகை. ஒன்றரை முஷ்டிக்கும் குறைவான உயரம். நட்சத்திரமோ உச்சப் பிரகாசத்தில்கூட வெறும் கண்ணுக்கு எட்டாதது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே, அவ்வளவு தாழ்வாக, அவ்வளவு மங்கலான ஒன்று தொலைநோக்கியில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது, அதன் ஒளி கூடிக் குறைவதைக் கவனிக்கும் அளவுக்கு. இன்று நுங்கம்பாக்கத்தில் மொட்டை மாடியில் நின்று தெற்கே ஒன்றரை முஷ்டி உயரத்தைப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

1899ல் வானாய்வு வேலைகள் கொடைக்கானலுக்குப் போயின. அங்கே 1910ல் ஹாலி வால்நட்சத்திரத்தை ஜான் எவர்ஷெட் படம் எடுத்தார். 1960களில் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். தெளிவான வானம், இருட்டு, உயரம் எல்லாம் மலையில்தான். கடற்கரையில் இருந்த வானியல் மலையேறிவிட்டது.

கரையில் மிச்சமிருந்தது விளக்கு மட்டும். அதுவும் வளர்ந்தது. 1844ல் இப்போதைய உயர் நீதிமன்ற வளாகத்தில் 125 அடித் தூண். 1894ல் உயர் நீதிமன்றத்தின் மாடக்கோபுரத்திலேயே விளக்கு. 1977ல் மெரினாவில் இப்போதைய கோபுரம். பழவேற்காட்டில் 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கு இருந்தது. இப்போதைய உயரமான கோபுரம் 1980களில் வந்தது.

கடைசியில் சேர்ந்தபோது

நிலத்தையும் வானத்தையும் சேர்த்து வைத்தது டிஜிட்டல் சென்சார். பிலிமுக்கு அரைமணி நேரம் வேண்டியிருந்ததை 2000களுக்குப் பின் வந்த கேமராக்கள் 20 விநாடியில் பிடித்தன. 20 விநாடி என்பது முக்கியமான எண். 24 மில்லிமீட்டர் லென்ஸில் அந்த நேரத்துக்குள் நட்சத்திரம் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. கேமராவைத் திருப்ப வேண்டாம். நிலம் அசையாது, நட்சத்திரமும் கோடாகாது. 1871ல் பேக்கல் கோட்டையில் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. இப்போது ரெண்டையும் எடுக்கலாம். 2007ல் ஈரானைச் சேர்ந்த பாபக் தஃப்ரேஷி ‘இரவில் உலகம்’ என்ற பொருளில் ஒரு திட்டமே ஆரம்பித்தார். உலகத்தின் புராதனக் கட்டடங்களும் அவற்றின் மேலே வானமும், அதுதான் கரு.

இதைப் படித்து முடித்தபோது எனக்குப் பக்கென்றது. ஏனென்றால் கருவி வந்து சேர்ந்த அதே காலத்தில்தான் எங்கள் கரையில் வெளிச்சமும் வந்து சேர்ந்தது. எண்ணூர்த் துறைமுகம் திறந்தது 2001ல். வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம் எல்லாம் பக்கத்து வீடுகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. இந்தப் பக்கம் உள்நாட்டில் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைகள். தெருவிளக்குகளும் மாறின. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி ஒரே அலைநீளத்தை ஒட்டியது. பில்டர் போட்டு ஓரளவு வடிகட்டலாம். வெள்ளை எல்.இ.டி.யில் நீலமும் கலந்திருக்கிறது. நீலம் காற்றில் அதிகமாகச் சிதறும். டிரைப்பின் வானத்தை வெளுக்க வைத்த அதே நீலம்! 2016ல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தின்படி உலக ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாங்கள் வசிக்கும் இடத்திலிருந்து பால்வெளியைப் பார்க்கவே முடியாது.

அந்த ராத்திரி

மறுபடி பழவேற்காட்டுக்கு வருகிறேன். இதே மாதிரி போக நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. பால்வெளியின் மையம் இங்கே கிழக்கிலிருந்து 30 பாகை தெற்கே தள்ளி, கடலுக்குள்ளிருந்து எழும். பிப்ரவரி கடைசியில் அதிகாலை 2 மணி வாக்கில் எழ ஆரம்பிக்கும். நாலரைக்கு நல்ல உயரம். ஐந்தேகாலுக்கு வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். மே, ஜூனில் ராத்திரி முன்னாடியே வந்துவிடும், ஆனால் அப்போது ஈரப்பதமும் மேகமும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆகவே மாசி, பங்குனி அதிகாலைதான் நமக்குக் கிடைக்கும் ஜன்னல். ஒரு துணி கட்டாயம் எடுத்துப் போங்கள். உப்புக்காற்று பத்து நிமிஷத்தில் லென்ஸில் பூத்துவிடும்.

வலை ஏற்றிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், வயது அறுபது இருக்கும், என் ட்ரைபாடைப் பார்த்துவிட்டு வந்தார்.

“இன்னா தம்பி, லைட்டவுசயா எடுக்குற?”

“இல்லண்ணா, அதுக்குப் பின்னாடி நட்சத்திரம்.”

சிரித்தார். “எங்க தாத்தா ஆறாமீன் பாத்து நேரம் சொல்வாரு. விடிவெள்ளி மொளைக்கங்காட்டியும் மரம் எறக்கிடுவாங்க. இப்ப யாரு பாக்குறா, எல்லாம் ஜிபிஎஸ்தான்.” அப்புறம் தெற்கே கையைக் காட்டினார். “அந்தாண்ட பாரு. எண்ணூர் பக்கம் நைட்லயே விடிஞ்சிரும். உள்ள போய்ட்டம்னா, மெட்ராஸ் எந்தப் பக்கம்னு தெரிஞ்சிக்க லைட்டவுஸே வேணாம் தம்பி. வானமே லைட்டவுஸுதான்.”

கலங்கரை விளக்கத்தின் வேலையை நகரத்தின் வெளிச்சப் புகை எடுத்துக்கொண்டுவிட்டது. அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. கரை திரும்ப ஏதோ ஒரு வெளிச்சம் வேண்டும், இருக்கிறது, அவ்வளவுதான். துறைமுகத்துக்காக மீன்பிடி இடம் சுருங்கியதைப் பற்றிப் பேசியபோதுதான் குரல் மாறியது. எனக்குப் படம் கெட்டது, அவருக்குப் பிழைப்பு. ரெண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் ரெண்டுக்கும் காரணம் அதே தெற்குத் திசையில்தான் இருக்கிறது.

வெளிச்சத்தால் வழி தவறுகிறவர்களும் அந்தக் கரையில் உண்டு. அது சித்தாமைகள் முட்டையிடும் பருவம். பொரித்து வரும் குஞ்சுகள் இருட்டில் எந்தத் தொடுவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அதை நோக்கி நடக்கும். லட்சக்கணக்கான வருஷமாக அது கடல்தான். இப்போது பல இடங்களில் அது ரோடு. சென்னைக் கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988லிருந்து ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருட்டு வந்த ராத்திரிகள்

நம் கரை நிஜமாகவே இருண்ட சந்தர்ப்பங்கள் உண்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் மெட்ராஸின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனபின் ஊர் விளக்கைக் கண்டாலே பயந்தது. 1942ல் ஜப்பான் பயத்தில் இருட்டடிப்பு. பயம் வந்தால்தான் விளக்கை அணைத்திருக்கிறோம்.

நான் பார்த்த இருட்டு 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மரமும் கம்பமும் சாய்ந்து எங்கள் பக்கத்தில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் போன மறுநாளே பௌர்ணமியை ஒட்டிய நிலா, அதனால் முதல் ரெண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நிலா தாமதமாக எழ ஆரம்பித்த ஒரு முன்னிரவில் மொட்டை மாடிக்குப் போனேன். ஓரியனின் வாளில் அந்த நெபுலா, டிரேப்பர் 51 நிமிஷம் காத்திருந்து பிடித்தது, வெறும் கண்ணுக்குப் பஞ்சுத் துணுக்கு மாதிரி தெரிந்தது. திருநின்றவூரில்! கீழே அம்மா மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தார். “மேல வாம்மா, ஒண்ணு காட்டுறேன்” என்றேன். வந்து பார்த்துவிட்டு, “நான் சின்னப் புள்ளையா இருக்கச்ச தெனம் இப்படித்தான்டா இருக்கும்” என்றார். அந்தத் ‘தெனம்’ எனக்கு இன்னும் உறைக்கிறது. நான் புயல் வந்ததால் ஒருநாள் பார்த்ததை அவர் யாரும் சொல்லாமலேயே தினமும் பார்த்து வளர்ந்திருக்கிறார். ரெண்டு நாளில் கரண்ட் வந்தது, நாங்களும் சந்தோஷப்பட்டோம். வராமல் எப்படி?

விளக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மேலே போகும் வெளிச்சம் யாருக்கும் உதவாது என்றுதான் சொல்கிறேன். கலங்கரை விளக்கத்தையே பாருங்கள். நம் கரையிலேயே அதிகத் தூரம் தெரியவேண்டிய விளக்கு அதுதான். ஆனாலும் லென்ஸ் வைத்து ஒளியைக் குவித்து, தேவையான மட்டத்தில் கடலுக்கு மட்டும் அனுப்புகிறது. ஒரு நுனி வெளிச்சம்கூட வீணாக வானத்துக்குப் போகக்கூடாது என்பது அதன் அடிப்படை. 1796லிருந்து கடலுக்கு விளக்கு பிடித்தவர்களுக்குத் தெரிந்த இந்த விஷயம், மூடியில்லாத ஹைமாஸ்ட் விளக்கை நடுபவர்களுக்கும் தெரிந்தால் போதும். லடாக்கின் ஹான்லேவில் 2022ல் இருண்ட வானக் காப்பகம் அறிவித்தபோது வீட்டு விளக்குகளுக்கு மூடியும் ஜன்னலுக்குத் திரையும் போட்டுத்தான் ஆரம்பித்தார்கள். யாரும் இருட்டில் உட்காரவில்லை.

என் படத்தை என்ன செய்வது என்று சில நாள் யோசித்தேன். ஒரு நண்பர் சொன்னார், “வலது பக்கத்தை வெட்டிடு. இல்லாட்டி தனுஷ்கோடில எடுத்த வானத்த இதுல ஒட்டு.” லெ கிரே ஒட்டியிருக்கிறார், டிரைப் மேகமே வரைந்திருக்கிறார், நான் ஒட்டினால் என்ன? ஒட்டவில்லை. அவர்கள் காலத்தில் வானம் அங்கே இருந்தது, தகடுதான் பிடிக்கவில்லை. இங்கே சென்சார் பிடிக்கிறது, வானம் இல்லை. அதை மறைத்தால் பின்னாளில் பார்ப்பவர் பழவேற்காட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்வார்.

அதனால் ரகுநாதாச்சாரியின் வேலையைக் கொஞ்சம் கடன் வாங்கினேன். படத்தை நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டு, கோபுரத்துக்கு இடது பக்கம் எத்தனையாவது படிப் பிரகாசம் வரை நட்சத்திரம் தெரிகிறது, வலது பக்கம் எதுவரை தெரிகிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். தேதி, நேரம், திசை, லென்ஸ், ஐ.எஸ்.ஓ., காற்றின் ஈரம் எல்லாம் பக்கத்தில். அடுத்த மாசி அமாவாசைக்கு அதே இடத்தில், கோபுரத்திலிருந்து அதே தூரத்தில் ட்ரைபாடை ஊன்றி, அதே 20 விநாடி எடுக்கப் போகிறேன். மணலில் இடம் தவறிவிடாமல் இருக்க அருகிலிருந்த பழைய கிணற்றுச் சுவரிலிருந்து காலடி எண்ணி வைத்திருக்கிறேன். 46 அடி.